ரப்பர் வைத்த அறுபது பெட்டிகள்

மங்கையர்க்கரசியை வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

சனத்நகரில் எங்கள் கம்பெனி செய்வது ஜங்ஷன் பாக்ஸ். கேஸ் புழங்கும் ஆலைகளில் மின்கம்பிகளை இணைக்கிற கனத்த உலோகப் பெட்டி. உள்ளே பொறி பட்டு வெடித்தாலும் வெளியே இருக்கும் கேஸ் பற்றக் கூடாது. வெளிநாட்டுச் சோதனைக்கூடம் ஒன்று எங்கள் மாதிரிப் பெட்டிக்குள் வெடிக்கவைத்துப் பார்த்துச் சான்றிதழ் தந்திருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் அந்த மாதிரியைப் போலவே இருக்கிறதா என்று பார்ப்பது மங்கையின் வேலை. அவள் சரி என்ற பிறகுதான் சான்றிதழ் எண் பொறித்த தகடு மேலே ஏறும். "மாதிரிப்படியே செய்தது" என்ற தாளை டைப் செய்கிறவள் நான், சாருலதா.

மங்கைக்குத் திருநெல்வேலி. அப்பாவின் உத்தியோகத்தோடு இந்தத் தெலுங்கு ஊரின் குஷாய்குடாவுக்கு வந்தவள். எங்களோடு இருபத்திரண்டு வருஷம். என் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது காபியைக் கையில் வாங்குமுன் அடுப்படிக்குப் போய் கேஸ் டியூபைத் தடவிப் பார்த்து, "இதை மாத்தி எத்தன வருசமாச்சு?" என்று கேட்டாள். 

போன பிப்ரவரியில் வெளிநாட்டு எண்ணெய் ஆலை ஒன்றுக்கு அறுபது பெட்டிகள் தயாராயின. முந்தைய சரக்கில் மழைத்தண்ணீர் புகுந்ததாகப் புகார் வந்திருந்தது. அதனால் உற்பத்தி மேனேஜர் செல்லப்பா மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் ஷீட்டை வெட்டி வைத்துவிட்டார். மங்கை மூடியைக் கழற்றியதும் அது கண்ணில் பட்டது.

"ஏம்மா, இறுக்கமா இருந்தா நல்லதுதானுங்களே? தண்ணியும் போகாது, கேஸும் போகாது" என்றார் செல்லப்பா.

"நக்கோ சார், வேண்டாம். கேஸ் எப்படியும் உள்ள போயிரும். உள்ள வெடிச்சா, நெருப்பு இந்த ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல உள்ள இடுக்கு வழியா வரும்போது சூடு தணிஞ்சு அணையணும். ரப்பர் வச்சா அது பிச்சுக்கிட்டு நெருப்பு நெருப்பாவே வெளிய வரும்."

ரப்பரை எடுத்துவிட்டு, இடுக்கில் மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தாள். நுழையவே கூடாத அது தாராளமாக நுழைந்தது. கடைசலே சரியில்லை, ரப்பர் அந்தக் கோணலைத்தான் மூடி மறைத்திருக்கிறது. அறுபதையும் திரும்பக் கடைய இரண்டு வாரம் ஆகும். கப்பலுக்கு நான்கு நாள்தான் இருந்தது. மங்கை சான்றிதழ்த் தகடுகள் இருந்த டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதலாளி சத்தம் போடவில்லை. வெளிநாட்டுக்காரன் திறந்து பார்ப்பான், நம் ஊர்க்காரன் பார்க்க மாட்டான், உள்ளூர்ச் சான்றிதழ்த் தகட்டை அடித்து இங்கேயே தள்ளிவிடுங்கள் என்று தெலுங்கில் சாவகாசமாகச் சொன்னார். அங்கே சாகிறவன் மனிதன், இங்கே சாகிறவன் யாராம்? அதைக் கேட்டுக்கொண்டு நானும் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்கு ஏது யோக்கியதை? அந்த அறுபது பெட்டிகளுக்கும் "மாதிரிப்படியே செய்தது" என்ற தாளை முந்தின நாளே, ஒரு பெட்டியைக்கூடப் பார்க்காமல், டைப் செய்து வைத்திருந்தவள் நான்.

எங்கள் பட்டறையில் கழித்த சாமானுக்குப் பெருக்கல் குறி வெட்டுவது வழக்கம். குறி விழுந்தது உலைக்குத்தான் போகும். அதில் யாரும் தகடு அடிக்க மாட்டார்கள். மங்கை உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். தகடு ஏற வேண்டிய இடத்தில் ஒவ்வொரு பெட்டியாக வெட்டிக்கொண்டே போனாள். செல்லப்பா "அம்மா, அம்மா" என்று பின்னாலேயே ஓடினார். அறுபதாவதை முடித்துவிட்டு டிராயர் சாவியை அவர் கையில் கொடுத்தாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கம்பெனி சொத்துக்குச் சேதம் விளைவித்தாள் என்று கடிதம் போனது. அதையும் டைப் செய்தவள் நான்தான்.

நேற்று அவள் இடத்துக்கு ஆள் தேவை விளம்பரத்தை என்னிடம் டைப் செய்யக் கொடுத்தார்கள். "அனுசரித்துப் போகத் தெரிந்தவராக இருக்க வேண்டும்" என்று கடைசி வரி. அதை எடுத்துவிட்டு, "மூடியைக் கழற்றிப் பார்ப்பவராக இருக்க வேண்டும்" என்று போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வெளிவரும்.