சக்கரச் சத்தம் நிற்கும் நேரம்

தாவும்போது சக்கரச் சத்தம் நின்றுவிடும். கால் இறங்கியதும் 'சர்ர்' என்று மறுபடி தொடரும். கம்பம் ஊரில் ஒரு பள்ளியின் சிமெண்டுத் தளத்தோரம் கையில் தையலோடு உட்கார்ந்து, என் மகள் நந்தினியின் தாவல்களை நான் காதால்தான் பார்ப்பேன். சுனாமிக்கு அடுத்த வருஷம் ஒரு மாலை, நின்ற சத்தம் தொடரவில்லை.

பனித்தளத்தில் சுழன்று தாவி ஆடுகிறார்களே, ஸ்கேட்டிங், அதே ஆட்டம்தான். பனிக்கு நாங்கள் எங்கே போவது? பூட்ஸின் அடியில் நான்கு சக்கரம் பூட்டி ஆடுவார்கள். மாநிலப் போட்டிக்கு அவள் தேர்வாகியிருந்தாள்.

"பட்டுனு உள்ள ஒன்னு அந்துருச்சும்மா" என்றாள். அழவில்லை. வலது முட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

மதுரை டாக்டர் முட்டியை விட்டுவிட்டு முதலில் கணுக்காலைத் தொட்டார். "இது எப்ப வீங்குச்சு?"

அதற்கு முந்தின மாதம் கணுக்கால் பிசகியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புக்குச் சேதமில்லை. எலும்பு சரியென்றால் கால் சரி என்று இருந்துவிட்டோம். போட்டிக்கு விடமாட்டோம் என்று பயந்து, வீக்கம் வெளியே தெரியாதபடி பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டி ஆடியிருக்கிறாள்.

"கணுக்கால் மடங்கி வாங்க வேண்டிய அடி. மடங்க விடாம கட்டிட்டா, அது முட்டிக்குத்தான் போகும்" என்றார் டாக்டர். எம்.ஆர்.ஐ. (சதையையும் நாரையும் காட்டும் படம்) எடுத்தார்கள். முட்டிக்குள் லிகமெண்ட் (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார்) அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து, அறுவை சிகிச்சை செய்து அங்கே வைக்க வேண்டும்.

"திரும்ப ஆடலாமா டாக்டர்?"

"நடக்க வைக்கிறது என் பொறுப்பும்மா. ஆடுறதைப் பத்தி பின்னால பாப்போம்."

'முடியாது' என்று அவர் வாயால் வந்துவிடாதா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அது அவளுக்குத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீட்டு மாரியக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கால்ல சக்கரத்த மாட்டிப் பறக்க விட்டீக. இப்பப் பாரு, வண்டி ஷெட்டுல நிக்குது." கோபம்தான் வந்தது. ஆனால் சொன்ன விதம் பிடித்துப்போய், இரண்டு தெரு தாண்டி இருப்பவர்களிடமும் நானே போய் அதைச் சொன்னேன்.

பிசியோதெரபி (பயிற்சியால் அசைவையும் பலத்தையும் மீட்கும் சிகிச்சை) தொடங்கியபோது, கட்டுக்குள்ளிருந்த தொடை பாதியாக இளைத்திருந்தது. திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "வெட்டிக் கவாத்துப் பண்ணுன கொடியும் இப்படித்தேன் கெடக்கும், அப்புறம் துளிரு விடும்" என்றார்.

"அப்ப எனக்கும் வாரா வாரம் மருந்தடிப்பீகளாப்பா?"

அறுவைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

அடுத்த வருஷம், இனித் தாவலாம் என்று டாக்டர் அனுமதித்தார். நன்றாகத்தான் ஓடினாள். வேகம் கூட்டி, தாவும் இடத்துக்கு வந்ததும் காலை ஊன்றி நின்றுவிடுவாள். ஒரு வாரம் முழுக்க இப்படியே. பயிற்சி தரும் மாஸ்டர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் குமுளிக்காரர்; அக்காவைச் சேச்சி என்பார், மகளை மோளு என்பார். என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"காலுக்கு ஒண்ணும் இல்ல, சேச்சி. தாவுறதுக்கு முன்ன மோளு உங்க மூஞ்சியப் பாக்குது. நீங்க பல்லக் கடிக்கிறீங்க. உடனே நின்னுருது."

இனி வரவில்லை என்றேன். நந்தினி விடவில்லை.

"நீங்க வராட்டி, வீட்ல என்ன பாடு படுறீகளோன்னு அதையே நெனப்பேன். வாங்க. வந்து அங்கிட்டுத் திரும்பி உக்காருங்க."

மறுநாள் தளத்துக்கு முதுகு காட்டி, மலையைப் பார்த்து உட்கார்ந்தேன். இந்தப் பாதையைக் கடந்துகொண்டிருக்கும் தாய்மாருக்குச் சொல்கிறேன், மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்ததைவிட அது கடினம். சக்கரம் வேகமெடுத்தது. என் பின்னால் ஒரு வட்டம் போனது. நெருங்கியது. சத்தம் நின்றது.

ஊசி துணியில் பாதி இறங்கி நின்றது. அறுவை அறைக் கதவு, ஊன்றுகோல், இளைத்த தொடை எல்லாம் அந்தச் சத்தமின்மைக்குள் வந்து போயின.

சர்ர்.

நான் திரும்பவில்லை. அடுத்த வட்டம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

அதன்பின் அவள் பல தடவை தாவிவிட்டாள். ஆனால் இன்றும் எங்காவது ஒரு சத்தம் சட்டென்று நின்றால், தையல் மிஷினோ, பஸ்ஸோ, குழாய்த் தண்ணீரோ, என் வலது முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கி, எதையோ தாங்கிக்கொள்ளக் காத்திருக்கிறது.