ஆட்டோவில் ஊர் சுற்றிய என் இருமல்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். வயிற்றில் ஐந்து மாதம். என் கணவர் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், புடவைக் கடைத் தள்ளுபடி, எதுவானாலும் எங்கள் வீட்டு ஒலிபெருக்கிக் குழாய்தான் கத்தும். விளம்பரம் என்றால் அவரே பேசிக் கேசட்டில் பதிந்து, ஆட்டோவின் தலையில் குழாயைக் கட்டி ஊரெல்லாம் ஓடவிடுவார். மைக்கைப் பிடித்துவிட்டால் மனிதர் ஆளே மாறிவிடுவார். வீட்டில் ‘இன்னா’ என்பவர் மைக்கில் ‘என்ன’ என்பார். செய்தி வாசிப்பவரைப் போலக் குரலை இறக்கிக்கொள்வார். நான் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஆனால் அந்த மாதங்களில் எனக்குச் சிரிப்புகூட இரைப்பில்தான் முடிந்தது. ஒரு இடத்தில் இருக்க முடியாது. படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். எழுந்து சுவரில் சாய்ந்தால் கொஞ்சம் தேவலை. அப்போதும் படபடப்பு நிற்காது, நடந்தால் மூச்சு வாங்கல். ஒரு குடம் தண்ணீர் தூக்கி வருவதற்குள் இரண்டு வீட்டு வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவேன். அவர்கள் என்னை வாயாடி என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குத் தேவைப்பட்டது மூச்சு. மாசமாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

தலையாட்டினேனே தவிர, உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஏனென்றால் எனக்கு மட்டும் ஒன்று தெரியும். என் அம்மா வீடு தேவிகாபுரம். எட்டு வயதில் எனக்குத் தொண்டை கட்டி ஜுரம் வந்து, அப்புறம் முட்டியும் கணுக்காலும் மாறி மாறி வீங்கின. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இது மூட்டில் வந்த காய்ச்சல், இதயத்தையும் தொட்டிருக்கிறது, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும், நிறுத்தவே கூடாது என்றார்கள். அம்மா பஸ் ஏற்றிக் கூட்டிப் போய்ப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் வயசுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“ஊசி போட்டுக்கினு திரியற பொண்ண எவன் வந்து கேப்பான்? நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் நம்ம வாசப்படி மிதிக்கமாட்டான். நீயும் வாயத் தொறக்காத” என்றாள். கல்யாணத்தன்று எனக்குப் பூ வைத்துவிடும்போதுகூட அதையேதான் காதில் சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா இல்லாத வீட்டில் பெண்ணைக் கரையேற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கணவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று தினமும் நினைப்பேன். மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்று என்னை பஸ் ஏற்றி அனுப்பிவிடுவாரோ? இந்த ஊர் என்ன பேசும்? அந்த நினைப்பு வந்தால் படபடப்பு இன்னும் கூடும்.

அப்படி ஒரு நாள்தான் அந்தப் பெரியவர், வீட்டு முன்னறையில் இருந்த எங்கள் மைக் செட் கடைக்கு வந்தார். இதய வால்வு நோயைப் பற்றி மக்களுக்குச் சொல்வதற்காகவே ஒரு அறக்கட்டளை நடத்துகிறவர். வெளியூர். அவரே வால்வு மாற்றிக்கொண்டவர். சட்டையின் மேல் பட்டனுக்குக் கீழே நெஞ்சு நடுவில் நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம், இரண்டு நாள் ஆட்டோ விளம்பரம் வேண்டும் என்று சொல்லி, பேச வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கணவர் அதைப் படித்துப் பார்த்தார். “மகாதமனியாம். இன்னாமே இது, சாமி பேரு மாதிரி இர்க்குது?” என்றார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் என்று அதிலேயே எழுதியிருந்தது. நாலைந்து முறை சொல்லிப் பழகிக்கொண்டார். பிறகு பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு மைக்கைப் பிடித்தார். டேப் ரெக்கார்டர் பட்டனை அழுத்துவது என் வேலை. அழுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும்.

“அன்பார்ந்த பொதுமக்களே! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? காரணமில்லாத இருமலா? சிறு வயதில் காய்ச்சலோடு மூட்டு வீங்கியதுண்டா? உங்கள் இதயத்தில் கதவாக இருக்கும் வால்வு பழுதாகியிருக்கலாம்!”

யாரோ என்னைப் பின்தொடர்ந்து வந்து பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. ‘காரணமில்லாத இருமலா’ என்று அவர் கேட்ட இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. நிறுத்தி, கேசட்டைப் பின்னால் சுற்றி, மறுபடி பதிந்தார். மறுபடியும் அதே இடத்தில் இருமினேன். மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் சிரித்துவிட்டார். “வுட்றுமே. எஃபெக்ட்டு குடுத்த மாதிரி நல்லாத்தான் இர்க்குது” என்று அதையே வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் என் இருமல் ஆரணியைச் சுற்றியது. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், அரிசி மில், தறிக்காரர் தெரு எல்லாம். ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வரும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். காதைப் பொத்தினாலும் கேட்கும். எங்கள் குழாய் அப்படி. ஊரில் ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை.

சனிக்கிழமை பெரியவர் வந்து, விளம்பரம் நன்றாகப் போகிறது என்று சொல்லிவிட்டு, அந்த இருமல் யாருடையது என்று விளையாட்டாகக் கேட்டார். இவரும் சிரித்துக்கொண்டே, “நம்ம வீட்லதாங்க. மாசமா இர்க்குறா. படுத்தா மூச்சு வாங்குதுன்னு உக்காந்துகினே தூங்குறா” என்றார். பெரியவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். மாசமாக இருக்கும்போது வால்வுக் கோளாறு இருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, நாளைக்கு முதல் ஆளாக அவரைக் கூட்டிவாருங்கள் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உடம்பு சரியில்லை, தலைவலி என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அன்று முழுக்க வயிற்றில் பிள்ளை புரண்டுகொண்டே இருந்தது. அது என்னை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்துக்குப் போனோம். வாசலில் எங்கள் குழாய்கள் இரண்டு, வாருங்கள் வாருங்கள் என்று கத்திக்கொண்டிருந்தன. தெருவின் இரண்டு பக்கமும் பவர்லூம். முகூர்த்த மாதம் நெருங்கியதால் ஞாயிறென்றும் பார்க்காமல் எல்லாத் தறியும் ஓடின. தடக் தடக் என்று சுவரே அதிர்ந்தது.

டாக்டர் ஒரு பெண். என்னை பெஞ்சில் படுக்கவைத்து, இடது பக்கமாகத் திரும்பச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினார். வைத்த இடத்தை மாற்றினார். மறுபடி வைத்தார். பிறகு கண்ணைத் திறந்து, “சின்ன வயசுல ஜுரம் வந்து மூட்டு வீங்கியிருக்காம்மா?” என்று கேட்டார்.

இவர் என் தலைமாட்டில் நின்றிருந்தார். “இல்லீங்க” என்றேன்.

டாக்டர் என் முகத்தையே பார்த்தார். நம்பினாரா இல்லையா தெரியாது. தான் கேட்க வேண்டிய சத்தம் ரொம்ப மெல்லிசானது, இந்த இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை, முதலில் அந்த மைக்கை நிறுத்துங்கள் என்றார். ஊருக்கே சத்தம் போடுகிற மனிதர், தன் குழாயை நிறுத்த அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. குழாய் நின்றது. தறி நிற்கவில்லை. எதிர்வீட்டுத் தறிக்காரரிடம் பெரியவரே போய்க் கேட்டார். நாளைக்குப் புடவை கொடுத்தாக வேண்டும், நடுவில் நிறுத்த முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார். ஒருவர் நிறுத்தினாலும் மற்றவர் தறி ஓடுமே, பிரயோஜனம் என்ன?

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு பக்கம் தப்பித்தோம் என்றிருந்தது. இன்னொரு பக்கம், இப்படியே வீட்டுக்குப் போனால் பிரசவத்தில் என்ன ஆகப்போகிறதோ என்ற பயம். எழுந்திருக்கவும் தோன்றவில்லை, படுத்திருக்கவும் முடியவில்லை. இவரைத் தேடினேன். ஆளைக் காணோம்.

அடுத்த நிமிடம் வாசல் குழாய் கரகரவென்றது.

“அண்ணமாருங்களே, இது கேசட் இல்ல. நான்தான் பேசுறேன், மைக் செட்டுக்காரன். என் வீட்டுக்காரி உள்ள படுத்துகினு இர்க்கா. வயித்துல புள்ள. அவ நெஞ்சுல ஏதோ கோளாறு இர்க்கும்னு டாக்டரம்மா பாத்துகினு இர்க்காங்க. தறி சத்தத்துல அவங்களுக்கு ஒண்ணும் கேக்கல. அஞ்சு நிமிசம் நிறுத்துங்கண்ணா. ஜல்தி நிறுத்துங்க. உங்க கால்ல வுழறேன்.”

அந்தக் குரலில் ‘என்ன’ இல்லை, செய்தி வாசிப்பு இல்லை. நடுங்கியது. எனக்கோ தலையில் இடி விழுந்தது போல இருந்தது. எதை அவரிடம் ஒருவருக்கும் தெரியாமல் சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லையோ, அதை அவர் ஊருக்கே குழாயில் சொல்லிவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் எதிர்வீட்டுத் தறி நின்றது. அப்புறம் பக்கத்து வீடு. அப்புறம் கோடி வீடு. ஒவ்வொன்றாகச் சத்தம் உதிர்ந்துகொண்டே போய், கடைசியில் எங்கேயோ ஒரே ஒரு தறி மட்டும் ஓடியது. யாரோ ஒரு பெண், “இன்னாடா செவுடா நீ? நிறுத்துடா!” என்று கத்தினாள். அதுவும் நின்றது. அந்தத் தெருவில் பகல் வேளையில் அப்படி ஒரு அமைதியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மண்டபத்து மின்விசிறி சுற்றுவது கேட்டது.

டாக்டர் மறுபடி குனிந்தார். கண்ணை மூடிக் கேட்டார். வெகுநேரம் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “கேட்டுடுச்சும்மா. வால்வு சுருங்கியிருக்கு. பயப்படாதீங்க, இப்பவே தெரிஞ்சது நல்லது” என்றார். இவர் உள்ளே ஓடிவந்து நின்றார். அந்த அமைதியில் முணுமுணுத்தாலும் எல்லோருக்கும் கேட்கும். தெரிந்தும் சொன்னேன்.

“எட்டு வயசுல வந்துதுங்க. ஊசி போட்டாங்க. எங்கம்மா சொல்லக்கூடாதுன்னாங்க.”

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் ஒன்றரை வருடம் பயந்திருந்தேன். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “மூணு வாட்டி இருமிச் சொன்னியேமே, எனக்குத்தான் புரியல” என்றார். அவ்வளவுதான். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அதற்குள் மண்டப வாசலில் தறிக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் கூடிவிட்டார்கள். கையை விரித்தாரே எதிர்வீட்டுக்காரர், அவர்தான் முன்னால் நின்றார். “இன்னாம்மா, டாக்டருக்குக் கேட்டுச்சா? இல்லாங்காட்டி இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தறோம்” என்றார்.

அந்த வாரமே அறக்கட்டளைக்காரர்கள் என்னை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொடையில் ஓட்டை போட்டு, ஒரு குழாய் வழியாகச் சின்ன பலூனை இதயம் வரை கொண்டுபோய் வால்வை விரித்தார்கள். பிள்ளைக்கு எக்ஸ்ரே படாமல் வயிற்றைச் சுற்றி கனமான கவசம் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு மல்லாந்து படுத்துத் தூங்கினேன் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம். மாதம் நிறைந்து பெண் பிறந்தாள். பலூன் வைத்த அன்றே விஷயம் தெரிந்து ஓடிவந்த அம்மா, மாப்பிள்ளை முகத்தில் விழிக்க முடியாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டாள். இவர்தான் போய், “உள்ள வாங்கத்தே, உங்க பொண்ணு தேடுது” என்று கூட்டிவந்தார்.

பெண் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நானும் அந்த அறக்கட்டளையோடு முகாம்களுக்குப் போக ஆரம்பித்தேன். படவேடு, தேவிகாபுரம், பஸ் போகிற ஊர், போகாத ஊர் எல்லாம். மூன்று வாரத்து ஊசியை இன்றும் விடாமல் போட்டுக்கொள்கிறேன். முகாம் முடிந்ததும் எப்படியும் ஒரு அம்மா என்னை ஓரமாகக் கூட்டிப் போவாள். பெண்ணுக்கு முட்டி வீங்குது, ஆனால் வெளியே தெரிய வேணாம் என்பாள். அவள் பேரை நான் வெளியே விடமாட்டேன். ஆனால் ஊசியை நிறுத்தவும் விடமாட்டேன், வீடு வரைக்கும் போய்ச் சண்டை போடுவேன். என் கதையை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் மைக்கில் சொல்கிறேன்.

தெரிந்தால் என்னை ஒதுக்கிவைத்துவிடும் என்று எந்த ஊருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, தெரிந்த அந்த நிமிடமே அந்த ஊர் எனக்காகத் தன் தறியை நிறுத்தியது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சை அடைக்கிறது. அது வால்வினால் இல்லை என்று எனக்குத் தெரியும்.