எங்கள் கிளையின் முதல் வெற்றி

டில்லியில் எங்கள் கட்சி பெரிய கட்சி. ஆரணியில் அது ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடும். அதிலும் டிரைவர் வேறு கட்சிக்காரர். இருபத்திரண்டு வருடமாக அதன் நகரக் கிளைக்கு நான்தான் செயலாளர். எங்கள் தேர்தல் வரலாற்றைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். தனியாக நின்றபோது டெபாசிட் போனது, கூட்டணியில் சேர்ந்தபோது சீட்டே போனது. ஒவ்வொரு முறையும் தலைவர்கள் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். நான் யாரோ ஒருவருடைய சின்னத்துக்காக வீடுவீடாகப் போய்க் கும்பிடுவேன்.

என் ஆசை சின்னது. ஜெயிக்கக்கூட வேண்டாம், ஓட்டு மெஷினில் ஒரு தடவை என் பெயர் வந்தால் போதும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவியிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தேன். அவளும் சிரித்தாள்.

போன நகராட்சித் தேர்தலில் ஒரு அதிசயம் நடந்தது. கூட்டணி எங்களுக்கு ஒரே ஒரு வார்டைக் கொடுத்தது. அது எங்கள் தறிக்காரத் தெருக்கள் இருக்கிற வார்டு. வேட்பாளரை முடிவுசெய்ய மாநிலத் தலைவர் ஒருவர் நேரிலேயே வருகிறார் என்றார்கள். "ஒரு அம்பது பேரை நிக்க வையிங்க, சீட்டு உங்களுக்குத்தான்" என்று மாவட்டச் செயலாளர் போனில் சொன்னார்.

கெஞ்சிக் கூத்தாடி நாற்பத்தாறு நெசவாளிகளைச் சேர்த்தேன். மீதி நாலு பேரைக் களம்பூர் அரிசி மில்லிலிருந்து வரவழைத்தேன். தலைவர் பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. காலை ஏழுக்கே போன் வந்தது: "செய்யாறு தாண்டிட்டாருங்க, ஜல்தி!"

அந்த நேரத்தில் தெருவில் பாவு நீட்டியிருந்தது. சேலைக்கான நீள இழைகளை வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். பாவு நீட்டியிருந்தால் கல்யாண ஊர்வலம்கூட அடுத்த தெரு வழியாகப் போகும். அது தெரிந்தும், வந்தவர்கள் கையில் கொடியைக் கொடுத்து நிறுத்திவிட்டு, அவசரத்தில் தோரணம் கட்டப் போனேன். நான் நட்ட சவுக்குக் கம்பு சாய்ந்து பாவின் மேலேயே விழுந்தது. நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்தன.

பாவுக்குச் சொந்தக்காரி எந்தக் கட்சியிலும் இல்லாத பெண். "பேஜார் பண்றதுக்குன்னே கட்சி நடத்துறீங்களாண்ணா? யாரும் நகரக் கூடாது, ஒக்காந்து இழைய முடிங்க!" என்று கத்தினாள். அவள் கத்தியிருக்கவே வேண்டாம். அறுந்த இழையைப் பார்த்தால் நெசவாளிக்குக் கை நிற்காது. நாற்பத்தாறு பேரும் கொடியை மில்காரர்களிடம் கொடுத்துவிட்டு, பாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்கள்.

"தலைவர் வந்துகினு இருக்காருப்பா, எழுந்திருங்க!" என்று நானும் கத்தினேன். ஒருவரும் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், நானும் உட்கார்ந்து இழை முடிந்துகொண்டிருக்கிறேன்.

கார் வந்து நின்றது. தலைவர் இறங்கிப் பார்த்தார். ஆளுக்குப் பன்னிரண்டு கொடிக்குக் குறையாமல் பிடித்துக்கொண்டு நாலு பேர் விழித்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் மட்டும் நடுவில் நின்று, "அந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்குது பாரு" என்று விரட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை பேரை ஒரே சொல்லுல கட்டிப்போட்டிருக்காங்களே, யாருய்யா அந்தம்மா?" என்று தலைவர் மாவட்டச் செயலாளரிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. நான் எழுந்து வணக்கம் வைத்தேன். அவர் என்னைத் தாண்டி அவளுக்கு வணக்கம் வைத்தார். சீட்டும் அவளுக்கே போனது.

அவளுடைய உறுப்பினர் அட்டையை அன்று மாலை நான்தான் நிரப்பினேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்? இருந்தாலும் அவளுக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். ஓட்டுப் போடுகிற அன்று மெஷின் முன்னால் நின்று அவள் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னாங்க, மெஷின் வேலை செய்யலையா?" என்று அதிகாரி கேட்ட பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

அவள் ஜெயித்தாள். இரண்டே ஓட்டு வித்தியாசம். ஆரணியில் எங்கள் கட்சிக்கு அதுதான் முதல் வெற்றி. பட்டாசு வெடித்தேன், தொண்டை கட்டக் கோஷம் போட்டேன். கழுத்தில் யாரோ போட்ட மாலையோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ரெண்டு ஓட்டா? இன்னும் ரெண்டு மூணு பேரையாவது கூட்டிகினு போயிருக்கணும்" என்றாள்.

"அதான் ஜெயிச்சாச்சே, இன்னும் எதுக்கு?"

"ஜெயிக்க வைக்க இல்லீங்க. நான் எதிர்ல நின்ன ஆளுக்குத்தான் போட்டேன். உங்களுக்குச் சீட்டு குடுக்காத கட்சிக்கு நான் எதுக்குப் போடணும்?"

கட்சிக்குத் துரோகம் என்று கத்த வாயைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எனக்காக விழுந்த ஒரே ஓட்டு அதுதான்.