நூற்று முப்பத்தொரு மைல்

கான்சாஸ் மாநிலத்து அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு அலைவரிசை பங்கிட்டுக் கொடுத்த வெர்லின் ஸ்டக்கிக்குச் சம்பளம் கிடையாது. வசவு தாராளமாகக் கிடைத்தது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். கைரேடியோவின் மெலிந்த குரலை வாங்கி உயரத்திலிருந்து உரக்கத் திருப்பிச் சொல்லும் பெட்டிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு புள்ளி வைப்பார். நூற்றிருபது மைலுக்குள் இருக்கும் புள்ளிகளைக் கோட்டால் இணைப்பார். இணைந்தவற்றுக்கு ஒரே அலைவரிசை கிடையாது.

அந்த வசந்தத்தில் லோர்னா பீட்டர்சன் என்ற மாவட்ட அதிகாரி, சுழற்காற்றுக் கண்காணிப்புக்கு ஓர் அலைவரிசை கேட்டார். காலி இல்லை. ஆனால் பட்டியலில் பதினொரு ரிப்பீட்டர்கள் தாளில் மட்டுமே இருந்தன. பெட்டியே வாங்காமல் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அவற்றில் நான்கு, அலைவரிசைக் குழுத் தலைவர் ராய்ஸ் டிப்பெட்ஸுடையவை.

தேவாலய நிலவறையில் கூட்டம். நான் செயலாளர்.

“அந்தப் பதினொன்ன அடிச்சா லோர்னாவுக்கு எடம் இருக்கு,” என்றார் வெர்லின்.

“பேசாதவனால யாருக்குய்யா தொந்தரவு?” ராய்ஸ் பீன்ஸ் குழம்பில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைத் தோய்த்தார். “என் பெட்டி மேல ஒரு புகார் உண்டா?”

“பெட்டியே இல்லையே, ராய்ஸ்.”

“அதத்தான் சொல்றேன். ஒன்னோடது ஓயாம பேசுது, வாத்தியாரே. அத எடுத்து லோர்னாவுக்குக் குடுத்துடலாம். நானும் கணக்குப் போட்டேன்.”

தானியக் கிடங்கின் உச்சியில் வெர்லின் தன் கையால் ஏற்றிய ரிப்பீட்டர் அது. காலை காப்பிக்கு முன்பே அதைத் திறந்து கேட்பவர்.

ராய்ஸ் நீட்டிய கணக்குத் தாளைப் பார்த்த எனக்குக் குஷி. “அதே அலைவரிசைல கோல்பி ஊரு ரிப்பீட்டரும் இருக்கே. லோர்னா எடத்துக்கு நூத்திப் பதிமூணு மைல்னு நீங்களே எழுதிக் கோடு போட்டிருக்கீங்க. அப்ப இதுவும் ஆகாது.”

ராய்ஸ் வாயில் ரொட்டியோடு விழித்தார். வெர்லின் சும்மா இருந்திருந்தால் போதும். இருக்கவில்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“தப்பு. நூத்தி முப்பத்தொண்ணு.” அந்தக் கோட்டை ரப்பரால் அழித்தார். “ஆகும்.”

“நல்ல மனுஷன்யா நீ,” என்றார் ராய்ஸ், உண்மையாகவே.

தீர்மானம் நிறைவேறியது. திருத்தியவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதப் போனேன்.

“வேண்டாம், ராய்ஸ் கணக்குன்னே போடு,” என்றார் வெர்லின். “எங்கிட்டப் படிச்சவன் எவனாவது பார்த்தா, வாத்தியார் கணக்கத் திருத்தியே தன் பெட்டியத் தொலைச்சார்னு சிரிப்பான்.”