கை தூக்கி வாங்கிய கார்

கார் வாங்கலாமா வேண்டாமா என்று என் கணவர் இந்த வருடத்தில் மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார். கோலாலம்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியை விட்டு இறங்கினால் ரயில் நிலையம். மகளின் பள்ளிக்கு நடந்தே போகலாம். அரிசி மூட்டைகூட போனில் சொன்னால் மாடிக்கு வந்துவிடுகிறது. வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் இத்தனை இருக்க, வேண்டும் என்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கோல சிலாங்கூரில் தம்பியோடு இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவதென்றால், தம்பி தன் காரை எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து எங்களை ஏற்றிப்போக வேண்டியிருக்கிறது. அவனுக்கு எதற்கு வீண் அலைச்சல் என்கிறார் கணவர். நியாயமான கேள்விதான். பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒரு பழைய கதைதான் இருக்கிறது. அதில் நான் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை என்பதால் இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரவாங்கில் நான்காவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. வீட்டிலிருந்த ஒரே வாகனம் அவருடைய மோட்டார் சைக்கிள். நான் முன்னால், அம்மா பின்னால் என்று மூவரும் சௌகரியமாகவே போய்வந்துகொண்டிருந்தோம். தம்பி பிறந்து, அவனையும் நடுவில் செருகிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்ததும், எங்களைப் பார்த்தாலே போக்குவரத்துப் போலீஸ்காரரின் கை தானாக உயரத் தொடங்கியது. அதன் பிறகு தூரப் பயணம் என்றால் எங்களுக்கு மாமாவின் வேன்தான்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் இருந்தார். அம்மாவுக்கு விவரம் தெரிவதற்குள் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால் அவரை வளர்த்தது, படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் இந்த அண்ணன்தான். என் பிறந்த வீடு என்று அம்மா சொன்னால் நான்கு சுவரைச் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, மாமாவைச் சொல்கிறார் என்று அர்த்தம். செகிஞ்சான் படகுத்துறையில் விடியற்காலையில் மீன் எடுத்து, சுற்றியிருந்த தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விற்பது மாமாவின் தொழில். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு வியாபாரம் கூடும் நாள். ஆனாலும் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று மட்டும் மீன் எடுக்க மாட்டார். அன்று அவருடைய வெள்ளை வேன் எங்களை ஏற்றிப்போக ரவாங்குக்கு வரும்.

வேன் வரும், மாமா மாடிக்கு வர மாட்டார். கீழே நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். கட்டிக்கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் போய் உட்கார்ந்தால் தங்கைக்கு மரியாதை குறைந்துவிடும் என்பது அவருடைய கொள்கை. தம்பி பிறந்தபோது ஒரு காரணம் இருந்தது, ஏறி வந்தார். அவனுக்குக் காது குத்தியபோதும் வந்தார். மற்றபடி மாதாமாதம் அவர் ரவாங் வரைக்கும் வருவதற்கு ஊரார் யாரும் குறை சொல்ல முடியாத ஒரு காரணம் கைவசம் இருந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தங்கச்சி மூன்று பஸ் மாறி எப்படி வருவாள், அவர்களிடம்தான் கார் இல்லையே என்பார்.

ஹாரன் சத்தம் கேட்டதும் அம்மா ஃபிளாஸ்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு இறங்குவார். அப்பாவுக்குப் பெரும்பாலும் ஞாயிறு ஓவர்டைம் இருக்கும், வர மாட்டார். அம்மா முன்னிருக்கையில். நானும் தம்பியும் பின்னால், இருக்கைகளைக் கழற்றிய வெற்றிடத்தில் விரித்த பாயில். முதல் நாளே மாமா வேனைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாசனைக்காக மூலைக்கு மூலை பாண்டான் இலையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார். அப்படியும் மீன் வாடை போகாது. பாண்டான் இலை மணக்கும் மீன் வாடையாக மாறும், அவ்வளவுதான்.

வீட்டில் அதிகம் பேசாத அம்மா அந்த வேனில் ஏறியதும் வேறு ஆளாகிவிடுவார். போய்ச் சேரும் வரை ஒரு மணி நேரமும் வாய் மூட மாட்டார். மாடிப்படியில் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரி, தம்பியின் இழுப்பு, அப்பாவின் கோபம், கறிவேப்பிலைச் செடி துளிர்விட்டது என்று எல்லாம் வரும். மாமா சாலையைப் பார்த்தபடி ம்ம் கொட்டுவார். நடுநடுவே அம்மாவைப் பாப்பா என்று கூப்பிடுவார். இவ்வளவு பெரிய அம்மாவைப் போய்ப் பாப்பா என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வரும். ஈஜோக் தாண்டியதும் நீலத் தார்ப்பாய் கட்டிய ஒரு பீசாங் கோரேங் கடை உண்டு. அது கண்ணில் பட்டதும் அம்மா, "அண்ணே, நிறுத்துண்ணே" என்பார். கேட்காவிட்டாலும் மாமா நிறுத்தத்தான் போகிறார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அம்மா சொல்வார், சொன்ன பிறகுதான் மாமா பிரேக்கை மிதிப்பார். சுடச்சுடப் பொரித்த வாழைப்பழத்தையும் சட்டியில் மிதக்கும் மொறுமொறு மாவுத் துணுக்குகளையும் ஒரே காகிதத்தில் வாங்கி அம்மாவின் மடியில் வைப்பார். துணுக்கெல்லாம் அம்மாவுக்கு. எங்களுக்குக்கூடப் பங்கில்லை.

தோட்டத்துக்குப் போய் இறங்கிய பிறகு அத்தை, சமையல், பார்க்க வருகிறவர்கள் என்று பொழுது ஓடிவிடும். அண்ணனும் தங்கையும் அங்கே உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. பேசுவதெல்லாம் வேனில்தான்.

எனக்கு அந்த வேனைக் கண்டாலே ஆகாது. என் வகுப்பில் படித்த ஒருத்தி பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்தாள். ஒரு ஞாயிறு நாங்கள் வேனிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டாள். மறுநாள் பள்ளியில் என்னருகே வந்து உட்கார்ந்து, பலமாக மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இடம் மாறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கார் கார் என்று நான் பிடித்த பிடிவாதத்தில் அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. அவருக்கு ஏற்கெனவே உள்ளே ஒரு உறுத்தல் இருந்திருக்க வேண்டும். தன் பெண்டாட்டி பிள்ளைகளை மாதாமாதம் இன்னொருவர் வந்து ஏற்றிக்கொண்டு போவதை எந்த மனிதர்தான் மகிழ்ச்சியோடு வேடிக்கை பார்ப்பார்?

அப்பா தொழிற்சங்கத்து ஆள். வீட்டிலும் எதையும் பேசி, கை தூக்கித்தான் முடிவெடுப்பார். சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் வாதம் நடந்தது. மழை, தம்பியின் இழுப்பு, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று அப்பா அடுக்கினார். அம்மா வழக்கத்துக்கு மாறாகப் பதிலுக்குப் பதில் பேசினார். சந்தை பக்கத்தில்தான் இருக்கிறது, பள்ளிக்கூடம் பக்கத்தில்தான் இருக்கிறது, கீழே நிறுத்த இடமில்லை, நின்றே துருப்பிடிக்கும் என்றார். எல்லாம் சரியான காரணங்கள்தான். அவற்றில் ஒன்றுகூட அம்மாவின் காரணம் இல்லை என்பது எனக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும் தெரியவில்லை. கணக்குப் பார்த்தால் அப்பாவுக்கு ஒரு கை, அம்மாவுக்கு ஒரு கை. மூன்று வயதுத் தம்பி யார் கை தூக்கினாலும் கூடவே தூக்குவான் என்பதால் அவனுக்கு ஓட்டுரிமை மறுக்கப்பட்டிருந்தது. மிச்சமிருந்தது என் கைதான்.

கை தூக்க வேண்டிய நாளன்று காலை அம்மா எனக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"ஒனக்கு மாமா வேன் புடிக்கலையா?"

"மீன் நாத்தம்மா."

அம்மாவின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு வழக்கத்தைவிட இறுக்கமாகப் பின்னிவிட்டு, ரிப்பனைக் கட்டினார். என்னிடம் இன்னும் கொஞ்சம் கெஞ்சியிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். கெஞ்சியிருந்தாலும் நான் மாறியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் கார் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் அப்பா. நான் இரண்டு கையையும் தூக்கினேன். தம்பியும் தூக்கினான். அம்மா எழுந்து தட்டுகளைக் கழுவப் போனார்.

அடுத்த மாதமே ஒரு பழைய கார் வந்தது. பழையது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அப்பா அதைத் தினமும் துடைத்தார். கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டுக்கொண்டு வந்தோம். அன்று அம்மா மாமாவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம நீ வர வேணாண்ணே. நாங்களே வந்துர்றோம்."

அந்தப் பக்கம் மாமா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. நல்லது என்றுதான் சொல்லியிருப்பார். போனை வைத்த பிறகும் அம்மா அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்த இரண்டாவது ஞாயிறு ஹாரன் சத்தம் இல்லாமல் கிளம்பினோம். அப்பா ஓவர்டைமைக்கூட விட்டுவிட்டு, சட்டையை உள்ளே விட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து காரில் ஏறினார். நான்கு மாடியிலும் யார் யார் பார்க்கிறார்கள் என்று நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறினேன். என் வகுப்புக்காரி வீட்டின் சன்னல் மூடியிருந்ததில் எனக்கு ஏக வருத்தம். உள்ளே குளுகுளுவென்றிருந்தது. வாசனை அட்டை ஒன்று கண்ணாடியில் தொங்கியது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து, வானொலியைச் சத்தமாக வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார். புதிதாக ஓட்டுகிறவரிடம் யார் பேச்சுக் கொடுப்பார்கள்? அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஈஜோக் தாண்டியது. நீலத் தார்ப்பாய் தெரிந்தது. அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "அண்ணே, நிறுத்துண்ணே" என்றார்.

சொன்ன பிறகுதான் பக்கத்தில் இருப்பது யார் என்று அவருக்கு உறைத்தது. அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, வானொலியை மிஞ்சிச் சிரித்தார். "புருஷன அண்ணனாக்கிட்டியே, நல்லாருக்குலா" என்றார். நான் இருக்கையில் உருண்டு சிரித்தேன். ஒன்றும் புரியாத தம்பியும் சிரித்தான். பின்னால் ஒரு லோரி ஒட்டிக்கொண்டு வந்ததால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தி என்ன, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்றார் அப்பா. அதுவும் சரிதான். கடை பின்னால் போய்விட்டது. அம்மாவும் சிரித்தார் என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்வளவு நல்ல வேடிக்கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? தோட்டத்தில் இறங்கியதும் முதல் வேலையாக மாமாவைத் தேடி ஓடினேன். வீட்டுக்குப் பின்னால் வேனின் கதவைத் திறந்து வைத்து, உள்ளே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பாண்டான் இலைகள் புதிதாகக் கட்டியிருந்தன. யாரையும் ஏற்றப் போவதில்லை என்று தெரிந்தும் இவர் எதற்கு வேனைக் கழுவுகிறார் என்று நான் கேட்கவில்லை. அம்மா அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்ட கதையை நடித்தே காட்டினேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குழாயை மூடினார்.

"எந்த எடத்துல கூப்புட்டா?"

"பீசாங் கோரேங் கடகிட்ட."

"அப்பா நிறுத்துனாரா?"

"இல்ல மாமா. பின்னால லோரி வந்துச்சு."

மாமா தலையை ஆட்டிக்கொண்டார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை வேனுக்குள் கொட்டி, கையாலேயே தள்ளிவிட்டார்.

மத்தியானம் நண்டுக் கறி. அப்பாவுக்கு அன்று ராஜ மரியாதை. சாப்பிட்டு முடிந்து பார்த்தால் மாமாவையும் காணோம், வேனையும் காணோம். ஐஸ் கட்டி வாங்கப் போயிருப்பார் என்றார் அத்தை. அம்மா இரண்டு முறை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று அப்பா அவசரப்படுத்த, நாங்கள் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வேன் வந்து நின்றது. மாமா இறங்கி நேராக அம்மாவின் பக்கத்துக்கு வந்தார். அம்மா கண்ணாடியை இறக்கினார். எண்ணெய் ஊறிய ஒரு காகிதப் பொட்டலத்தை மாமா உள்ளே நீட்டி, அம்மாவின் மடியில் வைத்தார்.

"போறப்ப சாப்புடு பாப்பா."

அப்பாவிடம் பார்த்துப் போகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். கார் நகர்ந்தது.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று வாசனையே சொன்னது. குளுகுளுவென்றிருந்த அந்தக் காரில், அதோடு கொஞ்சம் மீன் வாடையும் கலந்து வந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பிரிங்களேம்மா என்று தம்பி கேட்டான். அம்மா பிரிக்கவில்லை. ஒரு கையை அதன்மேல் வைத்து மூடியபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஈஜோக் வருவதற்கு முன்னால் அந்தக் கடையைக் கடந்தோம். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு அம்மாள் சட்டியிலிருந்து ஆவி பறக்க வாழைப்பழத்தை அள்ளிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நாங்கள் திரும்பிப் போகிற வழியில்தானே இந்தக் கடை இருக்கிறது, சூடாக நாங்களே வாங்கிக்கொள்ள மாட்டோமா, இதற்காக அவ்வளவு தூரம் வந்து ஆறிப்போனதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாரே, மாமாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.