ஓட்டுநர் இல்லாத காரில் வடகரைக்கு ஓர் ஒத்திகை

என் மகன் அமெரிக்காவில் ஓட்டுநர் இல்லாத காரில் அலுவலகம் போகிறான். "இங்கேயும் வந்துரும்மா, அப்புறம் தூரம் ஒரு விஷயமே இல்ல. பிடிச்ச இடத்துல வீடு வாங்கு" என்று ஒரு வருடமாகச் சொல்லிவந்தான். கண் மருத்துவர் சொல்லி என் காரை விற்றாயிற்று, கணவரும் இல்லை. யாரிடமும் போய் "கொஞ்சம் கொண்டுவிடுங்கள்" என்று நிற்க எனக்குப் பிடிக்காது. வடகரையில் தோப்புக்குள் ஒரு வீடு, தென்காசியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு, இரண்டும் விலைக்கு வந்திருந்தன. ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிடுவது என்று மார்ச் மாதம் சென்னையிலிருந்து இரவு ரயில் ஏறினேன். மனம் வடகரைப் பக்கம்தான்.

தென்காசியில் வாடகைக் கார் அரை நாளுக்கு 1,500 ரூபாய். ஓட்டுநர் இசக்கிக்கு ஐம்பது வயதிருக்கும். நான் டீச்சராக இருந்த கான்வென்டில் பெரிய பரீட்சைக்கு முன் ஒத்திகைப் பரீட்சை வைப்போம். அந்தப் பழக்கத்தில் சொன்னேன்: "இன்னிக்கு நீங்க கார்ல இல்லை, காரு தானா ஓடுதுன்னு வச்சுக்கோங்க. இடத்தை நான் சொல்லுவேன். பேசக்கூடாது, இறங்கக்கூடாது."

"நான் இல்லன்னா துட்டு யாருக்கு ஆச்சி?"

"உங்க முதலாளிக்கு."

வண்டியைக் கிளப்பினார். குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். பேரருவியில் தண்ணீர் மெலிந்திருந்தது, கூட்டமும் இல்லை. குளித்துவிட்டு வந்தபோது கார் சரியாக எதிரே நின்றது. நூற்றுக்கு நூறு.

வடகரைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சாலை முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரும். இசக்கி நிறுத்திவிட்டு மடியில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் அண்ணாச்சி நிக்கிய? மேல ஏத்திட்டுப் போங்க, அதுக்குத்தான போட்டுருக்கோம்!" என்றாள் செடியைக் கிளறிக்கொண்டிருந்த பெண். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துவிட்டு எங்களை ஒதுங்கித் தாண்டிப் போனது.

"போங்க இசக்கி."

"வழியில சாமான் கெடந்தா மெஷினு நின்னுரும் ஆச்சி. பேசவும் பேசாது."

"பேசாதுன்னு இவ்வளவு பேசுறீங்களே!"

"ஆச்சி, ஒங்க டிரைவருக்கு ஓட்டத் தெரியுமா, தெரியாதா?" என்றாள் அந்தப் பெண்.

நானே வைத்த பரீட்சையை நானே கலைப்பதா? இறங்கி நடந்தேன். வீடு அழகுதான், பின் ஜன்னல் நிறைய மலை. பால் எங்கே வாங்குவது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "காரு இருக்குல்லா." மருந்துக்கு? "காரு இருக்குல்லா." ராத்திரி நெஞ்சு வலித்தால்? அதற்கும் கார்தான். அந்தக் கார் உளுந்துக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தது. முன்பணம் இருந்த கைப்பையை மூடினேன். வெயிலில் திரும்பி நடக்கும்போது, வந்ததைவிடக் கால் லேசாக இருந்தது.

"ஒத்திகை முடிஞ்சுது, திருப்புங்க" என்றேன். "ஒரு நிமிசம் ஆச்சி" என்று இசக்கி அந்தப் பெண்ணுக்காக உளுந்தின் மேல் போய்வந்துதான் திருப்பினார். டயருக்கடியில் நெற்று படபடவென்று வெடித்தது.

மாலை தென்காசி வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். மலை மொட்டைமாடியிலிருந்துதான் தெரியும், போதும். பால், மருந்து, மருத்துவர் எல்லாம் நடக்கிற தூரம்.

இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் கடைசி ஒரு கிலோமீட்டரை வெயிலில் நடந்து பாருங்கள். குற்றாலத்துக்கு என் தெருமுனையிலிருந்தே டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஓட்டுநர் உண்டு.