எலி கடிக்காத ஒயர்

பழியை எலியின் மேல் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன். எலி மறுத்துப் பேசாது, முகம் சுருங்காது, வேலையை விட்டு நிற்காது. எழுபதைத் தாண்டியவன் நான். மின்பொறியியல் படித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் மின்பராமரிப்புப் பிரிவைப் பல காலம் நடத்தி ஓய்வு பெற்றவன். இவ்வளவும் யோசித்துத்தான் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன். உலகத்தில் இருக்கும் பொய்களிலேயே என் மருமகளுக்குச் சொல்லக்கூடாத ஒரே பொய் அதுதான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் வண்டி. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் உட்காரலாம். அதற்கும் பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. ஓய்வுக்குப் பிறகு கொஞ்ச காலம் கண்ட்ரோல் பேனல் செய்யும் சிறு பட்டறை ஒன்று வைத்திருந்தேன். அப்போது பழையதாக வாங்கிய பிக்கப் அது. பட்டறை போன பிறகும் வண்டி மட்டும் அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தது. விற்கச் சொன்னவர்களிடம் எதற்காவது பயன்படும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயன்பட்டது. மருமகள் கணினி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கேக் செய்ய ஆரம்பித்தாள்.

அவள் ஈரோட்டுப் பக்கம். வேலையை விடுகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் முகம் சுளித்த ஒரே ஆள் நான்தான். வாயால் ஒன்றும் சொல்லவில்லை; பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அதை அவள் கவனித்திருந்தாள். பிறந்தநாள் கேக்கில் தொடங்கி, கல்யாண வரவேற்புகளுக்கு அடுக்கு கேக் வரைக்கும் வந்துவிட்டாள். சென்னை வெயிலில் அடுக்கு கேக்கைக் கொண்டுபோவது பனிக்கட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவது மாதிரி. வாடகைக் கார்களின் இருக்கை சரிவாக இருக்கிறது, கேக் சாய்கிறது என்றாள். பிக்கப்பின் பின்னிருக்கையை நான் கழற்றிப் போட்டு, மட்டமாகப் பலகை அடித்துக் கொடுத்தேன். ஏசியைப் போட்டுக்கொண்டு அவளே ஓட்டிப் போவாள். பெரிய ஆர்டரெல்லாம் அந்தப் பலகையையும் அந்த ஏசியையும் நம்பித்தான் எடுத்தாள்.

அக்னி நட்சத்திரம் தொடங்குகிற நேரத்தில் ஏசி மக்கர் செய்தது. காற்று வரும், குளிர் வராது. திடீரென்று குளிரும், பள்ளத்தில் ஏறி இறங்கினால் நின்றுவிடும். சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரம் ஏசி பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே நோயைச் சொல்லிவிட்டார்.

"கேஸு பூட்ச்சி நைனா."

கேஸ் நிரப்பினார். வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் குளிர் நின்றது. திரும்பிப் போனோம்.

"அப்ப கம்பரசர் அவுட்டு. வேற இன்னா கீது உள்ள?"

அவரிடம் மொத்தம் இரண்டு நோய்கள்தான் இருந்தன. மின்சாரக் கோளாறாக இருக்கலாமே, ஒயரைச் சோதிக்க வேண்டாமா என்று கேட்டேன். என் தலைநரையையும் கையிலிருந்த மல்டிமீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ மீட்டர வச்சிக்கினு பாத்துக்கினே இரு நைனா. வெயிலு போயி மழையே வந்துரும்."

மருமகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. கம்ப்ரசரை மாற்ற வேண்டாம், நானே கண்டுபிடிக்கிறேன் என்று அங்கேயே அறிவித்தேன். கோளாறு ஒயரில்தான் என்று நான் சொன்னது சரி. அவர் சொன்னது தவறு. சரியாகச் சொன்னவன்தான் குற்றவாளி என்பது பிறகு தெரிந்தது.

அதன் பிறகு தினமும் காலையில் டிபனை முடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன். விஷயம் எளிமையானது. ஏசி சுவிட்சிலிருந்து கம்ப்ரசரை இயக்கும் ரிலேவுக்கு ஒரு மெல்லிய ஒயர் போகிறது. அந்த வழியில் எங்கே மின்சாரம் அறுந்தாலும் வெறும் காற்றுதான் வரும். ஃப்யூஸைப் பார்த்தேன். ரிலேவை மாற்றிப் பார்த்தேன். கேஸ் அழுத்தம் குறைந்தால் நிறுத்துகிற சுவிட்சைப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. நிற்கிற வண்டியில் கோளாறும் நின்றுகொள்ளும். ஓடினால்தான் அதுவும் ஓடும். இணையத்திலிருந்து ஒயரிங் வரைபடம் ஒன்றை எடுத்து, நிறம் நிறமாகப் பின்தொடர்ந்தேன். போகிற வருகிற குடியிருப்புக்காரர்கள் நின்று விசாரித்தார்கள். மின்னழுத்த வீழ்ச்சி பற்றி அவர்களுக்கு விளக்கினேன். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. மருமகளுக்கு அந்த நாட்களில் தூக்கம் குறைந்துகொண்டிருந்தது. பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. மூன்று அடுக்கு கேக்குக்கு ஒப்புக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் எடுத்ததிலேயே பெரியது.

டாஷ்போர்டின் மேல் ஒரு பிள்ளையார் இருந்தார். வண்டி வாங்கிய புதிதில் என் மனைவி வைத்தது. எஞ்சின் போட்டதும் அவருக்குச் சின்னச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அன்றைக்கு அவசரமாகக் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். டாஷ்போர்டுக்குள் கைக்கு எட்டிய ஒரு ஒயரின் தோலைச் சீவி, விளக்கின் ஒயரை அதில் முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். ஈயத்தை உருக்கிச் சாலிடர் வைக்கவில்லை. என் பிரிவில் அப்படி ஒரு ஜாயின்ட் போட்ட பையனை, அவன் கண் முன்னாலேயே அதை வெட்டி எறிந்து, திரும்பச் செய்ய வைத்திருக்கிறேன். இது சாமிக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

குளிர் நிற்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கும் துடித்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். மலிவு பல்பு என்று நினைத்தேன். வரைபடத்தில் பிள்ளையார் விளக்கு இல்லை, அதனால் அது என் சந்தேகத்திலும் இல்லை.

வரவேற்புக்கு முந்தைய நாள் டாஷ்போர்டுக்குள் கையை விட்டு ஒயர்களை இழுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏசி தானாகக் குளிர்ந்தது. குடியிருப்பைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினேன். குளிர்ந்தது. தானாகச் சரியான கோளாறு சரியாகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது; இந்தத் தொழிலில் நுழையும் பையனுக்கும் முதல் வாரத்திலேயே தெரிகிற விஷயம். எனக்கும் தெரியும். மேலே போய், சரிபண்ணிட்டேன் என்றேன்.

கை முழுக்க கிரீமோடு மருமகள் சமையலறையிலிருந்து வந்தாள். "நெசமாவா மாமா? நீங்க இல்லீன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். பேப்பரை உயர்த்திப் பிடித்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இல்லையம்மா, இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அந்தச் சமயத்தில் சொல்ல ஒரு நல்ல மனிதன் வேண்டும்.

மறுநாள் பிற்பகல் புறப்பட்டோம். ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள நானும் ஏறிக்கொண்டேன். ஏதாவது ஆகும் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தானே. வேலப்பன்சாவடியில் லாரிகளும் கல்லூரிப் பேருந்துகளும் நகராமல் நிற்க, ஏசி வெறும் காற்றை விட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காற்றும் சுட்டது. அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். மேலடுக்கில் வைத்த கிரீம் ரோஜாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு அந்த அடுக்கே மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது, பேருந்தில் தூங்குகிறவர் பக்கத்துத் தோளில் சாய்கிற மாதிரி.

மண்டபத்தின் பின்பக்கம் இறக்கினோம். மேலடுக்கை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு அடுக்கை மட்டும் சமையல்காரர்களின் குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து, சுரண்டித் தேய்த்து நேராக்கினாள். கல்யாணப் பெண்ணின் மாமா ஒருவர் வந்து, சொன்னது மூன்றடுக்கு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நான் வண்டிக்குத் திரும்பி டாஷ்போர்டைப் பிரித்தேன். பிள்ளையார் விளக்குக்காக நான் சுற்றிய டேப்பின் பசை சூட்டில் உருகி வழிந்திருந்தது. உள்ளே நான் கத்தியால் சீவிய இடத்தில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் தொட்டும் தொடாமலும் நின்றன. கைக்கு எட்டிய ஒயர் என்று அன்றைக்கு நான் பிடித்தது ஏசி சுவிட்சின் ஒயர்.

அவள் வந்து நின்றாள். முகத்தில் வியர்வை, புருவத்தில் கிரீம்.

"என்ன ஆச்சுங்க மாமா?"

"எலி கடிச்சிருக்கும்மா" என்றேன்.

பிள்ளையாரின் விளக்கு செய்த வேலைக்கு அவருடைய வாகனத்தைக் காட்டிக்கொடுத்தேன். அதை நினைத்து அந்த நேரத்தில் உள்ளுக்குள் லேசாகச் சிரிப்புகூட வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றது. பின்னாலிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வண்டிலயா? எத்தனை நாளா?"

ஒயரைக் கடித்த எலி என்றால் எனக்கு ஒயர்தான். சாப்பாட்டுப் பொருள் செய்கிறவளுக்கு அது எலி. வீட்டுக்கு வரும் வழியில், இதுவரை கொண்டுபோன கேக்குகளையெல்லாம் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வந்தாள் என்று நினைக்கிறேன்.

அன்றே அந்த ஒயரை முறையாக வெட்டி, சாலிடர் வைத்து, மேலே உறை போட்டு மூடினேன். பிள்ளையாருக்குத் தனியாக ஃப்யூஸ் வைத்துத் தனி ஒயர் இழுத்தேன். ஏசி அதன் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தால் பல் கிட்டும். ஆனால் அதில் கேக் ஏறவில்லை. பலகையைக் கழற்றிக் கழுவினாள், வெயிலில் காயவைத்தாள், திரும்பவும் கழுவினாள், பிறகு சுவரில் சாய்த்து வைத்துவிட்டாள். எலி ஓடிய வண்டியில் எப்படி ஏற்றுவது, யாருக்காவது வயிற்றுக்கு ஏதாவது ஆனால் என்ன பதில் சொல்வது என்று என் மகனிடம் கேட்டாளாம். அவன் வேறு வண்டி பார்க்கலாம் என்றான். பார்த்தார்கள், எதுவும் அமையவில்லை. பெரிய ஆர்டர்களுக்கு முடியாது என்று சொல்ல ஆரம்பித்தாள்.

என் மனைவி எலிப்பொறி வாங்கி, மசால்வடை வைத்து, வண்டிக்கு அடியில் வைத்தாள். ஏரியை ஒட்டிய குடியிருப்பு, எலிக்கா பஞ்சம்? ஒன்று மாட்டியது. பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்லக்கூடாது என்று அதை ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தாள். பார்த்தீங்களா, நீங்க சொன்னது சரிதான் என்றாள் என்னிடம். என் பொய்க்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது, நாலு காலோடு.

சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். ஒரு நாள் மாலை, இன்னொரு வரவேற்பு ஆர்டரை ஃபோனில் மறுத்துவிட்டு அவள் பால்கனியில் நின்றிருந்தபோது பக்கத்தில் போனேன். அப்போதும் முழுதாகச் சொல்ல வாய் வரவில்லை. இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தேனம்மா, அது எலி கடித்த மாதிரி இல்லை, பழைய ஜாயின்ட்தான் விட்டுப்போயிருக்கிறது என்றேன். யார் போட்ட ஜாயின்ட் என்று சொல்லவில்லை.

அவள் கண் கலங்கியது.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க மாமா. அத்தைதான் எலியைப் பிடிச்சாங்களே" என்றாள்.

இல்லையம்மா, உண்மையாகத்தான் என்று இன்னொரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான்தான் முறுக்கினேன், கோயிலுக்குப் போகிற அவசரத்தில், என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மருமகளுக்காகப் பொய் சொல்லக்கூடிய அன்பான மாமனாராக இருப்பது சுகமாக இருந்தது. அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இப்போது அவள் கேக்கை விட்டுவிட்டுத் திரும்பவும் கணினி வேலைக்கே போய்விட்டாள்; பழைய கம்பெனியில் இல்லை, வேறொன்றில். காலையில் கம்பெனி வண்டி குடியிருப்பு வாசலுக்கு வருகிறது. முன்பு வேலையை விட்டாள் என்று முகம் சுளித்த எனக்கு இப்போது சந்தோஷமாக இருக்க வேண்டும். உறவினர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு என்னிடம் பேசுகிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

போன மாதம் என் பிறந்தநாளுக்கு அவளாகவே ஒரு சின்னக் கேக் செய்தாள். வேலையிலிருந்து களைத்து வந்து, அடுப்பின் முன்னால் நின்று செய்தது. அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று காலையிலேயே தீர்மானித்திருந்தேன். என்ன வார்த்தைகளில் தொடங்குவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். மனைவி, மகன், அவள் மூவரும் சுற்றி நிற்க, வெட்டிய முதல் துண்டை என் கையில் கொடுத்தாள்.

"நல்லாயிருக்குங்களா மாமா? கைப்பழக்கம் விட்டுப்போச்சு."

வாயில் கேக் கரைந்துகொண்டிருந்தது. எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

சர்க்கரை மட்டும் ஒரு சிட்டிகை குறைவு என்றேன்.